சிறு படிகத்தில் நான்குமுனை மின்தடை அளவீடு

இரும்பு செலினைடு போன்ற அடுக்குப் படிகம் மீகடத்துகிறதா, அதாவது குளிரில் அதன் மின்தடை முற்றிலும் மறைகிறதா என்று பார்க்க, முதலில் அதைப் பிளேடால் பிளந்து புதுப் பரப்பை எடுங்கள். 25 மைக்ரான் தங்கக் கம்பி நான்கை வெள்ளிப் பசையால் வரிசையாக ஒட்டுங்கள். வெளி இரண்டும் மின்னோட்டத்துக்கு; அவற்றின் பசை பக்க விளிம்பையும் மூட வேண்டும், இல்லையென்றால் மின்னோட்டம் அடி அடுக்குகளுக்குச் சரியாக இறங்காது. உள் இரண்டும் மின்னழுத்தத்துக்கு. இவற்றின் பசைப் பொட்டு எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது.

மின்னோட்டத்தின் திசையை மாற்றி மின்னழுத்தத்தை இருமுறை அளந்து வித்தியாசத்தில் பாதியை எடுத்தால், வெப்பநிலை வேறுபாட்டால் எழும் வெப்ப மின்னழுத்தம் கழிந்துவிடும். மின்னோட்டத்தைக் குறைத்ததும் மீகடத்து நிலைமாற்றம் உயர் வெப்பநிலைக்கு நகர்ந்தால், தொடுப்புகள் படிகத்தைச் சூடாக்குகின்றன.

மின்தடை சுழியானதும் படிகம் முழுதும் மீகடத்துகிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இழை போன்ற ஒரே ஒரு பாதை மீகடத்தினாலும் சுழிதான் வரும். எனவே, காந்தப் புலமின்றிக் குளிர்வித்து, பிறகு 10 ஓர்ஸ்டெட் (காந்தப் புலத்தின் அலகு) என்ற சிறு புலத்தில், படிகம் புலத்தை எவ்வளவு வெளியே தள்ளுகிறது என்று காட்டும் காந்தமாக்கலையும் அளந்தே ஆகவேண்டும். அதற்கு முன், காந்தச் சுருளில் தங்கிய மிச்சப் புலத்தை முன்னும் பின்னும் அலைத்து இறக்கிவிடுங்கள்.