வீட்டில் தூண்டில் பட்டறை: பலரும் சறுக்கும் இடங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் வலை பழுது பார்ப்பதும் பெயின்ட் அடிப்பதுமாகவே போகும். அதைப் பார்க்கிற தூண்டில்காரர்களுக்கும் கை பரபரக்கும். தாழங்குடாவில் தென்பெண்ணை கடலில் கலக்கும் இடத்தில் கொடுவா மீனுக்குக் காத்து நிற்பவரோ, வீராம்பட்டினத்துக் கரையிலிருந்து அலைக்கு அப்பால் வீசுபவரோ, யாராக இருந்தாலும் வீட்டில் ஒரு மூலையைப் பிடித்து தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீலைப் பிரிக்கவும், தூண்டில் முள் கட்டவும், நரம்பு தண்ணீரில் அமிழக் கட்டும் ஈயக்குண்டு வார்க்கவும் ஒரு பட்டறை போட நினைப்பார்கள்.

நினைப்பதில் தப்பில்லை. ஆனால் இந்த மூன்று வேலையையும் ஒரே மேசையில் வைத்துவிடுகிறார்கள். முக்கால்வாசித் தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ரீல் வேலைக்குத் தூசி ஆகாது. முள் வேலைக்கு ஈரம் ஆகாது. ஈய வேலை வீட்டுக்குள்ளேயே ஆகாது.

முதலில் ஈயத்தைச் சொல்லிவிடுகிறேன். “சமையற்கட்டுலயே ஒரு ஓரமா காய்ச்சிக்கலாமாண்ணே, கேஸ் அடுப்பு இருக்குல்ல?” என்று கேட்காத தம்பி இல்லை. கூடாது. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், அடுப்புக்கு அது பெரிய வேலை இல்லை என்பது உண்மைதான். அதனால்தான் ஆபத்தும். உருகிய பிறகும் அடுப்பைக் குறைக்காமல் விட்டால் சூடு ஏறிக்கொண்டே போகும், ஏற ஏற ஈயப் புகையும் கூடும். சட்டியின் அடி மங்கலாகச் சிவந்தால் 500 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அந்தப் புகை குளிர்ந்து மெல்லிய தூசியாக அலமாரியிலும் அரிசி டப்பா மூடியிலும் படியும். கண்ணுக்குத் தெரியாது. குழந்தைகளைப் பொறுத்தவரை இந்த அளவு ஈயம் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் பல மடங்கு கூடுதலாக உறிஞ்சும். கர்ப்பிணியின் ரத்தத்தில் சேர்ந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்.

சரி, மொட்டை மாடிக்குப் போகிறோம் என்பார்கள். நல்ல முடிவு, ஆனால் மாடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சித்திரை வெயிலில் வடகம் காய்கிறது, கொடியில் துணி தொங்குகிறது, மூலையில் தண்ணீர்த் தொட்டி, அதன் மூடி பாதி திறந்திருக்கும். நம் பக்கம் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து ஏறி வரும். அடுப்புக்கு மேற்கே இருப்பதெல்லாம் அந்தப் புகையின் வழியில்தான் இருக்கிறது. வடகம் போட்டிருக்கும் நாளில் வார்க்காதீர்கள். தொட்டியை மூடுங்கள். காற்று முதுகில் படும்படி நில்லுங்கள், முகத்துக்கு நேராக வாங்காதீர்கள். துணி மாஸ்க் ஈயப் புகையைத் தடுக்காது, அதை நம்ப வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டு தண்ணீர் மாட்டினால் அது நொடியில் ஆவியாகிச் சுமார் 1,700 மடங்கு விரியும், சட்டியில் இருப்பது மொத்தமும் மேலே தெறிக்கும். சொட்டு எங்கிருந்து வரும்? நெற்றி வியர்வை. ராத்திரி மாடியிலேயே விட்டுவைத்த, பனி இறங்கிய ஈயக்கட்டி. கடற்கரையில் பொறுக்கிய பழைய குண்டின் துளைக்குள் தங்கிய ஈரம். ஏற்கெனவே உருகிக் கிடக்கும் சட்டியில் புதுக்கட்டியைப் போடுவதுதான் பெரும்பாலான விபத்துக்கு வழி. எல்லாக் கட்டியையும் ஆறிய சட்டியில் முதலிலேயே போட்டுச் சேர்த்துச் சூடாக்குங்கள், ஈரம் இருந்தாலும் ஈயம் உருகுமுன் ஓடிவிடும். கரண்டியையும் அடுப்போரம் சூடாக்கிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும்.

அச்சிலும் இதே கதை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு செய்து ரெண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டு, காய்ந்துவிட்டது என்று தட்டிப் பார்ப்பார்கள். வெளியே காய்ந்திருக்கும். உள்ளே தண்ணீர் இருக்கும், அது வெயிலுக்கு அசையாது. அலுமினிய அச்சு வாங்கிவிடுவது எவ்வளவோ மேல். அதையும் முதல் குண்டுக்கு முன் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

சட்டி கனமான இரும்பாக இருக்கட்டும். பழைய அலுமினியக் குண்டான் சூட்டில் தளர்ந்து கைப்பிடியோடு கழன்று வரலாம். எதுவானாலும் ஒருமுறை ஈயம் பட்ட பாத்திரம் சமையலுக்குத் திரும்பவே கூடாது, எத்தனை தடவை தேய்த்தாலும். பழைய இரும்புக்கடையில் மலிவு என்று பேட்டரித் தகட்டை வாங்கி உருக்குவதும் வேண்டாம், அதில் அமிலமும் வேறு உலோகங்களும் கலந்திருக்கும், கிளம்பும் புகை விஷம். காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் பாலியஸ்டர் லுங்கி என்று வார்க்க உட்காராதீர்கள். பருத்திப் பேன்ட், மூடிய ஷூ, கண்ணாடி. தீப்பிடித்தால் போட ஒரு வாளி காய்ந்த மணல் வேண்டும், தண்ணீர் வாளியைச் சட்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள். கையில் சுட்டுக்கொண்டால் மட்டும் விலகிப் போய்க் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை தடவுகிற வழக்கத்தை விடுங்கள்.

முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மறுபடி எழும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். சட்டியின் மேல் ஆடையாக ஒதுங்கும் சாம்பல்நிறக் கசடும் ஈயம்தான். முருங்கை மரத்தடியில் கொட்டாமல் மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வையுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ கிளாஸைத் தொடாதீர்கள்.

இவ்வளவு கெடுபிடியா என்று தோன்றினால், அதுவும் நியாயம்தான். வருஷத்துக்கு ஐம்பது குண்டுகூடச் செலவாகாதவர் கடையில் வாங்கிக்கொள்வதே நல்லது என்பது என் எண்ணம். மிச்சம் பிடிக்கும் காசு சட்டிக்கும் அச்சுக்குமே காணாது.

இனி மேசை. ரீல் பிரிக்கும் மேசைக்கு அகலத்தைவிட வெளிச்சம் முக்கியம். ட்யூப் லைட் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் தலை நிழலிலேயே ஸ்பிரிங் தொலையும். வலக்கைக்காரருக்கு விளக்கு இடப்பக்கம் இருக்கட்டும். மேசை மேல் வெளிர்நிறத் துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள், விழும் திருகு உருளாது, துள்ளாது. கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்கி, போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் மாட்டும்போது தலையைச் சொறிய வேண்டாம். பற்சக்கரத்துக்கு கிரீஸ், பேரிங்குக்கு மெல்லிய எண்ணெய். எல்லாவற்றிலும் தேங்காய் எண்ணெயை விடும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், என்னத்தைச் சொல்ல.

மேசைக்கு வருமுன் ரீலைக் கழுவும்போது குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சுவது இன்னொரு தப்பு. உப்பு வெளியே போகாது, உள்ளே போகும். டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்கை, இறுக்கிவிட்டு மேலாக மெதுவாக ஊற்றுங்கள், காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள்.

உப்புக்காற்று கடலோர வீட்டில் எதையும் விடாது. சாதா பிளைவுட் மேசை ரெண்டு மழைக்காலத்தில் ஓரம் உப்பி விரியும், மரைன் பிளை போட்டால் நிற்கும். முள் பெட்டியில் நனைந்த முள் ஒன்றைத் திருப்பிப் போட்டால் போதும், பெட்டி முழுக்கத் துரு. பயன்படுத்தியதற்குத் தனி டப்பா வையுங்கள். செருப்புப் போடாமல் நடக்கும் வீடு நம்முடையது. கீழே விழுந்த முள் யார் காலிலாவது ஏறினால், முனையில் எதிர்ப்பக்கமாக நீட்டும் செதில் இருப்பதால் பின்னால் இழுக்கவும் வராது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வேலை முடிந்ததும் தரையோடு ஒருமுறை ஓட்டுங்கள், பையை உள்வெளியாகத் திருப்பினால் முள்ளெல்லாம் அதற்குள் வந்துவிடும். நரம்பை ஜன்னலோரம் வைக்காதீர்கள், வெயில் பட்டுப் பட்டு வலுவிழக்கும்.

அலமாரியை மட்டும் தரையில் வைக்காமல் சுவரில் அடியுங்கள். 2011 டிசம்பரில் ‘தானே’ புயல், 2015 நவம்பர் வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் என்று பார்த்த ஊர் இது. ஈயத்தைக் கீழ்த்தட்டில், ஆனால் பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் பலகை தாங்காது.