சர்ஜிக்கல் கைடு கச்சிதமாக உட்கார்ந்தும் இம்பிளாண்ட் தள்ளிப்போவது ஏன்?

கீழ்த்தாடையில் முதல் கடைவாய்ப்பல் இல்லாத நோயாளி. அங்கே இம்பிளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைக்க வேண்டும். நானே பிளான் செய்து பிரிண்ட் எடுத்த கைடு (டிரில் போக வேண்டிய இடத்தையும் திசையையும் காட்டும், பல்லில் மாட்டும் அச்சு) பற்களின் மேல் டக்கென்று உட்கார்ந்தது. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. 2 மி.மீ. பைலட் டிரில் (முதலில் போடும் மெல்லிய டிரில்) போட்டு, குழிக்குள் திசை காட்டும் பின்னை வைத்து எக்ஸ்ரே எடுத்தேன். பின்னின் நுனி பக்கத்துப் பல்லின் வேரை நோக்கிச் சாய்ந்து நின்றது. கைடைக் கழற்றிவிட்டு, கையாலேயே திசையைத் திருத்தி முடித்தேன். அன்று இரவு ஃபைலைத் திறந்து தேடியதில் பிடிபட்டதைத்தான் எழுதுகிறேன்.

சிபிசிடியும் (தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே) வாய் ஸ்கேனும் எடுக்கத் தெரியும்தானே? ஒன்று மட்டும்: சிபிசிடியின்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாதபடி இடையில் பஞ்சு உருளை வையுங்கள்.

1. மென்பொருள்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது புளூ ஸ்கை பிளான்தான். பிளான் போட்டுப் பழகக் காசு இல்லை. பத்து கேஸ் சும்மா போட்டுப் பழகுங்கள்.

2. டைகாமையும் எஸ்டிஎல்லையும் பொருத்துவது: நான் சறுக்கியது இங்கேதான். எலும்பு டைகாமில் (சிபிசிடி தரும் ஃபைல்) இருக்கிறது. பல்லும் ஈறும் எஸ்டிஎல்லில் (வாய் ஸ்கேன் தரும் ஃபைல்). கைடு எஸ்டிஎல்லை வைத்துத்தான் உருவாகிறது. ஆகவே பொருத்தம் தப்பினாலும் கைடு பல்லில் அழகாகவே உட்காரும். பிழை எலும்புக்குள் போய்விடும். இரண்டையும் பொருத்தக் குறிக்கும் மூன்று புள்ளிகளையும் அடுத்தடுத்த மெட்டல் செராமிக் கிரவுன்களின் (உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய பல் உறைகள்) மேல் வைத்திருந்தேன். உலோகச் சிதறலில் (உலோகத்தால் சிபிசிடி படத்தில் விழும் கீற்றுகள்) பல்லின் விளிம்பே தெரியாது. உலோகம் இல்லாத பற்களாகப் பார்த்து இடது கடைவாய், முன்பல், வலது கடைவாய் என்று புள்ளிகளைப் பரப்புங்கள். பிறகு ஒவ்வொரு வெட்டாக நகர்த்திப் பாருங்கள். எஸ்டிஎல் கோடு எனாமல் விளிம்பை ஒட்டியே ஓட வேண்டும். என் கேஸில் அது கிரவுன்களிடம் ஒட்டியும், தள்ளிப் போகப் போக விலகியும் ஓடியது. பொருத்தம் சரி என்று மென்பொருள் காட்டும் பச்சை டிக்கை நம்பாதீர்கள்.

3. இம்பிளாண்ட் நிலை: கைடு முறையைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வந்த கட்டுரையில் சராசரி விலகல் நுழைவிடத்தில் 1.2 மி.மீ., நுனியில் 1.4 மி.மீ., கோணம் 3.5 டிகிரி. இவை சராசரிதான். கீழ்த்தாடை நரம்புக்கு மேல் 2 மி.மீ. கட்டாயம் விடுங்கள்.

4. பிரிண்ட்: பல்லில் படும் உள்பக்கத்தில் சப்போர்ட் (பிரிண்ட் ஆகும்போது கைடைத் தாங்கும் குச்சிகள்) வரவே கூடாது. உட்கார்ந்ததைக் கண்ணால் பார்க்க இரண்டு மூன்று ஜன்னல் வெட்டுங்கள்.

5. சிகிச்சை நாள்: ஸ்லீவின் (டிரில் நுழையும், கைடில் உள்ள குழாய்) உயரத்தையும் சேர்த்து டிரில் நீளத்தைக் கணக்கிடுங்கள். குளிர்விக்க ஊற்றும் சலைனைக் (உப்பு நீர்) கைடு தடுப்பதால் எலும்பு சூடாகும். டிரில்லை அடிக்கடி வெளியே எடுத்துக் குழியைக் கழுவுங்கள். பைலட் முடிந்ததும் எக்ஸ்ரே. இதை ஒருநாளும் விட்டுவிடாதீர்கள்.

சேர்க்கை: எல்லாப் பல்லிலும் கிரவுன் இருந்தால் என்ன செய்வது என்று கருத்துப் பகுதியில் ஒருவர் கேட்டிருந்தார். அடையாளக் குண்டுகள் பதித்த தட்டை வாயில் போட்டு சிபிசிடி எடுங்கள். உலோகச் சிதறல் பெரும்பாலும் படுக்கைவாட்டில்தான் பரவும். அதனால் குண்டுகள் கிரவுன் மட்டத்தைத் தாண்டி, ஈறுப் பக்கம் இருக்கட்டும். பிறகு தட்டைத் தனியாக ஸ்கேன் செய்து, குண்டுகளை வைத்தே பொருத்துங்கள்.

இன்னொருவருக்கு ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) கைடு வளைந்துவிட்டதாம். கைடு பிரிண்ட் செய்யும் ரெசின் டப்பாவில் போட்டிருக்கும் வெப்பநிலையைத் தாண்டாதீர்கள். கிருமி நீக்கிய பின், வாயில் ஒருமுறை வைத்து ஜன்னல் வழியே பார்த்துவிட்டே டிரில்லைத் தொடுங்கள்.