எந்தச் சுடலைமுத்து? பூர்வீகம் தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாத்தான்குளம், திசையன்விளை பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டில் உடைமரம் வெட்டி, கிணறு தோண்டி, பனை வளர்த்து ஊராக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது பூர்வீகம் தேடிக் கிளம்பியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் நாங்களெல்லாம் ஆரம்பத்தில் தடுக்கி விழுந்த அதே இடங்களில் இவர்களும் வரிசையாக விழுகிறார்கள். பெரியவர்களிடம் கேளுங்கள், கேட்டதை எழுதிவையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

கோயில் இருக்கும் ஊர்தான் சொந்த ஊர் என்று முடிவுகட்டுவது

பங்குனி உத்திரத்துக்கு எந்தச் சாஸ்தா கோயிலுக்குப் போகிறோமோ அதுதான் பூர்வீகம் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் பிழைக்கப் போன இடத்துக்குப் பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துவந்து, பீடம் போட்டுக் கும்பிடுவது நம் பக்கத்து வழக்கம். மூன்று தடவை இடம் மாறிய குடும்பத்துக்கு மூன்று ஊரில் சுடலைமாடன் இருப்பார். எனவே, இந்தச் சாமிக்குப் பிடிமண் எங்கேயிருந்து வந்தது என்று பூசாரியிடம் கேட்க வேண்டும்.

அப்புறம் வரி நோட்டு. கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வாரியாக வரி எழுதிய பழைய நோட்டு யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கும். கல்யாணமாகித் தனித் தலைக்கட்டு ஆனவர் பெயர் அதில் ஏறிவிடும். கொடை நடக்கிற நாளில் போய்க் கேட்காதீர்கள். அன்றைக்கு அவர்களுக்குச் சாப்பிடவே நேரமிருக்காது.

தாத்தாவையும் பேரனையும் ஒரே ஆளாக்குவது

எத்தனை பேருக்குச் சொன்னாலும் தீராத எரிச்சல் எனக்கு இதில்தான்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம். தாத்தா மாடசாமி, மகன் சுடலைமுத்து, பேரன் மாடசாமி, அவன் மகன் மறுபடி சுடலைமுத்து. ஆக, 'மாடசாமி மகன் சுடலைமுத்து' என்று ஒருவர் ஐம்பது, அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே வம்சத்தில் வந்துகொண்டே இருப்பார். தமிழ் வருஷமும் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். பத்திரத்தில் 'தாது வருஷம் தை மாதம்' என்றிருந்தால் அது பெரும் பஞ்சம் நடந்த 1877 தையாகவும் இருக்கலாம், 1937 தையாகவும் இருக்கலாம். பெயர், தகப்பன் பெயர், வருஷம் மூன்றும் பொருந்திவிடுவதால் யாருக்கும் சந்தேகமே வராது.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவரிடம் இப்படி இரண்டு பத்திரங்கள் இருந்தன. ஒன்று தாது வருஷம் தையில் நிலத்தை விற்றது, மற்றது தாது வருஷம் மாசியில் அதே நிலத்தை வாங்கியது. பஞ்சத்தில் விற்ற மனுஷன் ஒரே மாதத்தில் மீட்டுவிட்டார் என்று பெருமையாகக் கதை எழுதினார். பஞ்சத்தில் கஞ்சிக்கே வழியில்லாதவர் மாசிக்குள் பணத்துக்கு எங்கே போவார்? விற்றது தாத்தா சுடலைமுத்து, வாங்கியது அவர் பேரன் சுடலைமுத்து. வம்சாவளியை ஃபிளக்ஸ் அடித்துக் கொடைக்குக் கோயில் வாசலில் வேறு கட்டினார். இரண்டு சுடலைமுத்தும் ஒருவராகிவிட்டதால் நடுவிலிருந்த மாடசாமி காணாமல் போனார். அந்த மாடசாமியின் இளைய தாரத்து வகையறாவுக்கு ஏற்கெனவே பங்கில் மனஸ்தாபம். "அப்போ நாங்க யாருலே?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் அதன்பிறகு கோயிலுக்கு வரி கொடுக்கவில்லை. ஃபிளக்ஸை அன்றைக்கே அவிழ்த்தாயிற்று. வரி இன்னும் வரவில்லை.

இதற்கு மருந்து கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு. அது அறுபதில் திரும்பாமல் ஏறிக்கொண்டே போகும். நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் தமிழ் வருஷத்தை ஒட்டி அதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆவணியில் பிறக்கும் ஆண்டு அது. ஆவணியிலிருந்து டிசம்பர் வரை என்றால் 824, ஜனவரியிலிருந்து ஆடி வரை என்றால் 825 கூட்ட வேண்டும். கொல்லம் 1052 தை என்றால் 1877. 1112 தை என்றால் 1937. தமிழ் எண்ணில் ௲ என்று இருந்தால் மிரள வேண்டாம், அது ஆயிரம். கொல்லம் ஆண்டு இருக்கிற இடத்தைச் செல்லரித்திருந்தால் முத்திரைத்தாளில் ராணி தலையா, ராஜா தலையா என்று பாருங்கள். நிலத்தின் நான்கு எல்லையைச் சொல்லும் நான்குமாலில் பக்கத்து நிலத்துக்காரர்கள் யார் யார் என்றும் பாருங்கள். மூன்று அண்டைவீட்டுக்காரர்களும் சேர்ந்தாற்போல் மறுபிறவி எடுத்திருக்க மாட்டார்கள்.

இன்றைய மாவட்டத்தில் பழைய ஆவணத்தைத் தேடுவது

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை நம் திருநெல்வேலி மாவட்டத்தோடு இல்லை, மலைக்கு அந்தப் பக்கத்துத் திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தது. சாத்தூரும் திருவில்லிபுத்தூரும் 1910 வரை நம்மோடு இருந்தன. தூத்துக்குடி 1986இல் பிரிந்தது, தென்காசி 2019இல். ஆவணம் எந்த வருஷத்ததோ அந்த வருஷத்து எல்லையை முதலில் பாருங்கள்.

'எங்க ஊரு புதூர்'

எந்தப் புதூர்?

பத்திரத்தை லேமினேட் செய்வது

வேண்டாம்.

ஆம்பளைகளிடம் மட்டும் கேட்பது

பெண் கொடுத்த ஊர், எடுத்த ஊர் எல்லாம் ஆச்சிகளுக்குத்தான் மனப்பாடம். ஆனால் வருஷம் கேட்டால் பதில் வராது. தனுஷ்கோடிப் புயலுக்கு முந்தியா பிந்தியா என்று கேளுங்கள், வரும். அதற்கும் வாய் திறக்காவிட்டால் பழைய கல்யாண மொய் நோட்டை எடுத்து, ஊரும் பேருமாகச் சத்தமாக வாசியுங்கள். ஒரு ரூபாய் மட்டும் எழுதினவரின் பெயர் வந்ததும், அவர் யார், யாருக்கு மகன், அவருடைய அக்காளை எங்கே கட்டிக்கொடுத்தார்கள் என்று ஆச்சி தானாகவே ஆரம்பித்துவிடுவார்.