மே மாதக் கல்லாவிலிருந்து வரியை எடுத்துவைப்பது எப்படி

கொடைக்கானல் ஏழு ரோடு சந்திப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் சாக்லேட் கடை. பின்கட்டில் நானும் மாமியாரும் செய்கிறோம், முன்னால் வீட்டுக்காரர் விற்கிறார். ஏப்ரல், மே இரண்டு மாதம் வரும் காசில்தான் வருடம் முழுக்க அடுப்பு எரியணும்.

முதலில் நாங்கள் மாட்டிக்கொண்ட கதை. அப்போது சாக்லேட்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. 1180 ரூபாய் வாங்கினால் அதில் 180 நம்முடையது இல்லை. பில்லில் இருந்த இந்த விஷயம் மனதில் இல்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது, இரண்டு பிள்ளைகளுக்கும் ஃபீஸ் கட்டினோம். ஜூன் 20, மே மாத வரிக்குக் கடைசி நாள். கணக்கில் பாதிகூட இல்லை. இருப்பதைக் கட்டிவிட்டு ரிட்டர்ன் போடலாமே என்று வத்தலக்குண்டு ஆடிட்டரிடம் கேட்டேன். முழு வரியும் கட்டினால்தான் 3பி என்கிற மாத ரிட்டர்ன் போகுமாம். ஆகஸ்டில் கட்டினோம், நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும் வருடத்துக்கு 18 சதவீதக் கணக்கில் வட்டியும் சேர்த்து. மழையில் கடையே திறக்காத மாதத்துக்கும் பூஜ்ய ரிட்டர்ன் போடணும், மறந்தால் நாளுக்கு 20 ரூபாய் என்பதும் பட்டுத்தான் தெரிந்தது.

ஆகவே முதல் வேலை, வரிக்கென்று தனி வங்கிக் கணக்கு. ஏடிஎம் கார்டு, ஜிபே எதுவும் அதற்கு வேண்டாம். எங்கள் கணக்கு மாமியார் பெயரில். அவரிடம் பணம் கேட்பது வங்கி மேனேஜரிடம் கேட்பதைவிடக் கஷ்டம், அதற்காகத்தான். ஷட்டர் இறக்கியதும் அன்றைய விற்பனையின் வரியை எண்ணித் தனியே வைப்போம், திங்கட்கிழமை கணக்கில் போடுவோம். வாங்கிய சரக்குக்குக் கொடுத்த வரி கழியுமே என்று முன்கூட்டியே குறைத்து வைக்காதீர்கள். சப்ளையர் தன் ரிட்டர்னில் நம் பில்லைக் காட்டினால்தான் அது நம் 2பி-யில், அதாவது ஜிஎஸ்டி தளம் காட்டும் வரிக்கழிவுப் பட்டியலில் வரும்.

அடுத்தது, எந்த வழியில் வரி கட்டுவது. சரக்கு மட்டும் விற்கிறவர்களுக்கு வருட விற்பனை 40 லட்சத்துக்குள் என்றால் பொதுவாகப் பதிவே தேவையில்லை. நாங்கள் தாண்டிவிட்டோம். 1.5 கோடி வரை காம்போசிஷன் என்ற எளிய முறை உண்டு: விற்பனையில் 1 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டினால் போதும். 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட்டுக்கு வரி 5 சதவீதம் ஆனதும் நோட்டில் மறுபடி கணக்குப் போட்டேன். 1050 ரூபாய்க்கு விற்கிறோம், அதற்கு வாங்கிய சரக்கு 600, அதன் வரி 30. சாதாரண முறையில் சப்ளையரிடம் கொடுத்த 30, அரசுக்கு நேராக 20, ஆக 50. காம்போசிஷனில் அந்த 30 கழியாது, மேலே 10.50, ஆக 40.50. நாமே செய்து விற்பதால் மிச்சம். வாங்கி அப்படியே விற்கிற கடைக்குச் சரக்கு விலை 800 வந்துவிட்டால் காம்போசிஷனால் லாபம் எதுவும் இல்லை.

இதில் ஒரு முள் இருக்கிறது. வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பக் கூடாது. கேரளாக்காரர் கடைக்கு வந்து கையோடு எடுத்துப்போனால் பரவாயில்லை, ஊருக்குப் போய் கூரியரில் கேட்டால் முடியாது. கொச்சியில் எங்களுக்கு நல்ல வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஒரு வருட கூரியர் விற்பனையைக் கூட்டிப் பார்த்தோம், அலைச்சலுக்குக்கூடக் காணாது. விட்டுவிட்டோம். வீட்டுக்காரருக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

மாற நினைத்தால் மார்ச் 31-க்குள் சொல்லிவிடணும். அன்றைய கையிருப்புக்கு ஏற்கெனவே எடுத்த வரிக்கழிவைத் திருப்பிக் கட்டணும். அதனால் மார்ச்சில் சரக்கை ஓட்டிவிட்டு, ஏப்ரல் பிறந்ததும் சீசனுக்கு வாங்கினோம். மாறியபின் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி என்று தனியாக ஒரு பைசா வாங்கக் கூடாது, கடையில் அறிவிப்புப் பலகையும் வைக்கணும்.

காலண்டரில் சிவப்பு மையில் வட்டமிட வேண்டியவை: காம்போசிஷன் வரிக்கு ஜூலை, அக்டோபர், ஜனவரி, ஏப்ரல் மாதங்களின் 18-ஆம் தேதி. வருட ரிட்டர்னுக்கு ஜூன் 30. நகராட்சித் தொழில்வரிக்குச் செப்டம்பரும் மார்ச்சும்.

வருமான வரிக்கு அவ்வளவு பயம் வேண்டாம். ஆடிட்டர்கள் 44ஏடி என்று சொல்லிப் பழகிய, சிறு வியாபாரிகள் விற்பனையை வைத்து லாபம் காட்டும் முறையில், ரொக்க விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழி வந்ததில் 6 சதவீதமாவது லாபம் காட்டணும். 45 லட்சத்தில் பாதி ஜிபே என்றால் 3,15,000 வரும். எங்கள் நோட்டில் லாபம் ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், அதையே காட்டுகிறோம். வருமான வரியின் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லாதபோது குறைத்துக் காட்டி என்ன ஆகப்போகிறது? பெரிய ஃபிரிட்ஜுக்குக் கடன் கேட்டபோது வங்கியில் முதலில் பார்த்தது அந்த ரிட்டர்னைத்தான்.

போன சீசனில் ஜூலை 18-க்கான பணம் ஜூன் முதல் வாரமே மாமியார் கணக்கில் தயாராக இருந்தது. பள்ளி ஃபீஸுக்குத்தான் என் வளையல் இரண்டும் அடகுக்குப் போயின.