கண்ணகியின் கையில் எத்தனை சிலம்பு? கதாபாத்திர வேடம் போடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'உங்களுக்குப் பிடித்த நூலின் பாத்திரமாக வாருங்கள்' என்று பள்ளியிலோ நூலகத்திலோ அறிவிப்பு வந்தால், நம்மில் பெரும்பாலோர் முதலில் போவது வாடகை உடைக் கடைக்குத்தான். அங்கே ராஜா உடை, ராணி உடை, பாரதியாரின் முண்டாசும் கறுப்புக் கோட்டும் தயாராகத் தொங்கிக்கொண்டிருக்கும். எது அளவுக்குப் பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொண்டு, அதற்கு ஏற்ற பாத்திரத்தை வீட்டுக்கு வரும் வழியில் முடிவு செய்கிறோம். பிற தவறுகளில் பாதி இந்த ஒரு தவறிலிருந்தே பிறக்கின்றன. முதலில் திறக்க வேண்டியது புத்தகத்தை.

கண்ணகியையே எடுத்துக்கொள்ளுங்கள். மாறுவேடப் போட்டிகளில் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகைப்பூ, கழுத்து நிறைய நகை, இரண்டு காலிலும் கொலுசு, போதாததற்குக் கையில் ஒரு சிலம்பு என்று கண்ணகிகள் வருகிறார்கள். மதுரை அரசவைக்குள் நுழைந்தவள் அப்படியா இருந்தாள்? சிலப்பதிகாரத்தில் அவள் நீதி கேட்கும் வழக்குரை காதையின் இறுதியில் வரும் வெண்பா, ஒப்பனைக்காரருக்கே எழுதிக் கொடுத்த குறிப்பு போல இருக்கிறது: 'மெய்யிற் பொடியும் விரித்த கருங்குழலும் கையில் தனிச்சிலம்பும் கண்ணீரும்'. உடம்பில் புழுதி, அவிழ்ந்த கூந்தல், ஒற்றைச் சிலம்பு, கண்ணீர். நான்கே பொருள்கள், அவற்றில் மூன்றுக்குக் காசே வேண்டாம்.

அந்த ஒற்றைச் சிலம்பில்தான் வழக்கே இருக்கிறது. இணையில் ஒன்றைக் கோவலன் விற்க எடுத்துச் சென்றான். அது பாண்டியன் கைக்குப் போய்விட்டது. மற்றது கண்ணகியிடம். ஆகவே அவள் கையிலோ காலிலோ இரண்டு சிலம்பு இருந்தால், கதை அங்கேயே உடைந்துவிடுகிறது. இதைவிட நுட்பமான தவறு ஒன்று நாடகங்களில் நடக்கும். கண்ணகி தன் கையிலிருக்கும் சிலம்பையே ஓங்கித் தரையில் அடிப்பாள். காப்பியத்தில் அவள் உடைப்பது, கோவலனிடமிருந்து கைப்பற்றி அரசன் கொண்டுவரச் சொல்லி அவள் முன் வைத்த சிலம்பை. அதிலிருந்து முத்து சிந்தாமல் மாணிக்கம் தெறித்ததால்தான் அது அரசியின் சிலம்பு அல்ல என்று நிரூபணமாகிறது. தன் சிலம்பைத் தானே உடைத்தால் எதை நிரூபிப்பது? மேடையில் இரண்டு நிமிடம்தான் கிடைக்கும் என்றாலும் இதைச் சரியாகச் செய்யலாம். எதிரே ஒரு தட்டில் இன்னொரு சிலம்பை வைத்தால் போதும்.

மணிமேகலைக்கும் இதே கதிதான். மாதவியின் மகள் என்பதால் நாட்டியக்காரி உடை கொடுத்துவிடுகிறார்கள். அந்த வாழ்க்கையை வேண்டாம் என்று விட்டுத் துறவு பூண்டவள் அவள். எளிய ஆடையும் கையில் அமுதசுரபியாக ஒரு பாத்திரமும் கொடுங்கள்.

அடுத்தது, திரைப்படத்தைப் புத்தகம் என்று நம்புவது. 'பொன்னியின் செல்வன்' படமாக வந்த பிறகு வந்தியத்தேவன் வேடங்கள் பெருகிவிட்டன. மகிழ்ச்சிதான். ஆனால் பலருக்குத் தலையில் கிரீடம் இருக்கிறது. கல்கியின் வந்தியத்தேவன் அரசு இழந்த வாணர் குலத்து இளைஞன். ஆதித்த கரிகாலன் கொடுத்த ஓலைகளைச் சுமந்துகொண்டு குதிரையில் வருகிற தூதன். இடுப்பில் செருகிய ஒரு பனையோலைச் சுருள் அவனைக் காட்டிக்கொடுப்பதுபோல் எந்தக் கிரீடமும் காட்டாது. பயண அலுப்பும் கொஞ்சம் குறும்பும் முகத்தில் இருந்தால் இன்னும் நல்லது. கையில் பணம் குறைவு, வாய் மட்டும் நீளம் என்பவர்கள் ஆழ்வார்க்கடியானைத் தேர்ந்தெடுக்கலாம். முன்குடுமி, உடம்பெல்லாம் நாமம், கையில் ஒரு தடி. மிச்சத்தை வாதம் பார்த்துக்கொள்ளும். என்னைக் கேட்டால் அந்த நாவலில் வேடம் போட அவனைவிடச் சுவையான ஆள் இல்லை.

வெளிநாட்டுப் பாத்திரங்களிலும் இந்தக் குழப்பம் உண்டு. ஷெர்லாக் ஹோம்ஸ் என்றதும் நினைவுக்கு வருகிற காதுமூடித் தொப்பியை நிலைநிறுத்தியவர், கதைகளுக்குப் படம் வரைந்த சிட்னி பாஜெட். வளைந்த புகைக்குழாய் நாடக மேடையின் உபயம். தொப்பி கிராமப்புறப் பயணத்துக்கு உரியது. லண்டன் வீட்டு நாற்காலியில் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஹோம்ஸ், வேட்டைக்குக் கிளம்பி வழி தவறியவர்போல் இருப்பார். 1818இல் வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலில் அந்தப் பெயர் உருவாக்கியவனுக்கு உரியது. உருவாக்கப்பட்டதற்குப் பெயரே இல்லை. தட்டையான தலையும் கழுத்து ஆணிகளும் 1931ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் வந்தவை. நாவல் சொல்வது மஞ்சள் தோலையும் வழிந்து விழும் கறுங்கூந்தலையும்தான். படத்தில் வந்ததையே போடுவது குற்றமில்லை. படத்தில் வந்தது என்று தெரிந்து போடுங்கள் என்பதே என் வாதம்.

தமிழ்வாணனின் துப்பறியும் சங்கர்லால் வேடத்தில் இன்னொரு வேடிக்கை நடக்கும். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வருவார்கள். அவை எழுதியவரின் அடையாளம். அப்படி வந்தால் நீங்கள் சங்கர்லால் அல்ல, தமிழ்வாணன்!

இனி சொல்வது உடைத் தவறு அல்ல, மரியாதைத் தவறு. பாத்திரம் கறுப்பு நிறம் என்பதற்காக முகத்தில் மை பூசிக்கொள்ளாதீர்கள். நிறத்தை வேடமாக்கினால் பார்வையாளர்களில் யாரோ ஒருவருடைய தோலே வேடிக்கைப் பொருளாகிவிடும். 'பொன்னியின் செல்வன்' நாவலின் ஊமை ராணி மந்தாகினியாக வருபவர் விநோத ஒலி எழுப்பிச் சிரிப்பு மூட்டுவதும் அப்படியே. கல்கி அவளைச் சிரிக்க வைப்பதற்காகப் படைக்கவில்லை. கண்ணாலும் கையாலும் பேசுகிற அவளை நடிப்பது எந்த நீண்ட வசனத்தையும்விடக் கடினம். அதற்குத் துணிந்தால் முயன்று பாருங்கள்.

குழந்தைகளுக்கு வேடம் போடுகிற பெற்றோரிடம் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. ஒட்டு மீசைக்கான பசையை முதல் நாளே முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பாருங்கள். போட்டி அன்று காலையில் சோதித்தால், அரிப்பு வந்தாலும் மனம் கேளாமல் ஒட்டிவிடுவீர்கள். வாள் அட்டையில் இருக்கட்டும். ஊசிகளின் முனை உள்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை தனியாகக் கழிவறைக்குப் போய்வர முடியாத எந்த உடையும் வேண்டாம், அது ராஜராஜ சோழனுடையதாகவே இருந்தாலும்.

பிறகு அந்த வசனம். 'தேரா மன்னா' என்று ஐந்து வயதுக் குழந்தை முழங்கும். 'தேரா' என்றால் என்ன என்று நடுவர் கேட்டால் அம்மாவைத் திரும்பிப் பார்க்கும். ஆராயாத அரசனே என்று கண்ணகி திட்டுகிறாள், அவளுடைய கணவனுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று முந்தைய இரவுகளில் கதையாகச் சொல்லியிருந்தால், அது நடுவரையே உட்காரவைத்துக் கதை சொல்லும். மனப்பாடத்துக்குச் செலவிடும் நேரத்தில் பாதியைக் கதைக்குக் கொடுங்கள். பரிசு வராமல் போகலாம். அடுத்த ஆண்டு எந்தப் பாத்திரம் என்பதைக் குழந்தையே சொல்லும். பெரும்பாலும் அது நீங்கள் நினைத்த பாத்திரமாக இருக்காது.