யூனிஃபார்மைக் கெடுப்பது பெரும்பாலும் நம் துவைப்புதான்

மகனின் வெள்ளைச் சட்டைக் காலரில் மஞ்சள் கோடு விழுந்திருந்தது. ராத்திரி ஒரு பக்கெட் தண்ணீரில் பிளீச் ஊற்றி, சட்டையை ஊறவைத்துவிட்டுப் படுத்தேன். விடிந்து எடுத்துப் பார்த்தால் கோடு போகவில்லை. அதுவரை காலரில் மட்டும் இருந்த மஞ்சள், சட்டை முழுக்கப் பரவியிருந்தது. பிளீச்தான் மட்டமான சரக்கு என்று திட்டிக்கொண்டே புதுப் பாட்டிலைத் திறந்து அடுத்த சட்டையையும் ஊறவைத்தேன். அதுவும் அப்படியே ஆனது.

அன்றைக்குத்தான் சட்டையைப் புரட்டி, உள்பக்கத் தையலில் இருந்த சின்னப் பட்டியை முதல்முறையாகப் படித்தேன். 65 சதவீதம் பாலியஸ்டர், 35 சதவீதம் காட்டன். அதற்குக் கீழே, பெருக்கல் குறி போட்டு அடித்த ஒரு முக்கோணம். எந்த பிளீச்சும் இதன்மேல் படக்கூடாது என்று அதற்கு அர்த்தம். கழுத்தில் குத்துகிறது, இடுப்பில் உறுத்துகிறது என்று பிள்ளைகள் சொன்னதும் அந்தப் பட்டியைக் கத்தரித்து எறிகிற ஆள் நான். இப்போதும் கத்தரிக்கிறேன், ஆனால் அதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்.

அதில் இருக்கும் குறிகள் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. தொட்டிப் படத்துக்குள் 30, 40 என்று எண் இருந்தால் அது தண்ணீரின் சூடு, டிகிரி செல்சியஸில். அதிகபட்சம் அவ்வளவு தாங்கும் என்பதுதான் சேதி. அந்தச் சூட்டில்தான் துவைத்தாக வேண்டும் என்றில்லை. தொட்டிக்குக் கீழே கோடு இருந்தால் மெஷினை மென்மையான சுற்றில் வைக்க வேண்டும். தொட்டிக்குள் கை இருந்தால் கையால்தான் துவைக்க வேண்டும். வெற்று முக்கோணத்துக்கு எந்த பிளீச்சும் ஆகும். உள்ளே இரண்டு சாய்கோடு இருந்தால் குளோரின் இல்லாத பிளீச் மட்டும்.

சரி, வெளுக்கிற மருந்து ஏன் மஞ்சளாக்குகிறது? கடையில் கிடைக்கும் திரவ பிளீச் பெரும்பாலும் சோடியம் ஹைப்போகுளோரைட். காலரில் படிந்திருக்கும் அழுக்கில் வியர்வையும் தோலின் எண்ணெயும் உதிர்ந்த தோலும் இருக்கும். அதிலுள்ள புரதத்தோடு குளோரின் சேர்ந்தால் மஞ்சள் ஏறும். கசங்காத துணி என்று விற்பதில் பூசியிருக்கும் சில பிசின்களும் குளோரினைப் பிடித்துவைத்துக்கொண்டு மஞ்சளாகும். தண்ணீரில் இரும்பு இருந்தால் கேட்கவே வேண்டாம், பிளீச் பட்டதும் அது துருவாகித் துணியிலேயே படியும். இதற்கெல்லாம் மேல், புது வெள்ளைத் துணி கண்ணைப் பறிக்கிற வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம், அதில் ஏற்றியிருக்கும் ஒளிர்வுப் பொருள். குளோரின் அதையும் தின்றுவிடும். மிச்சம் நிற்பது துணியின் சொந்த நிறம். நீட்சி இழை கலந்த இடுப்புப் பட்டியும் சாக்ஸும் தொய்ந்துபோவது தனிக் கதை.

வெள்ளைக்கு நான் இப்போது பயன்படுத்துவது சோடியம் பெர்கார்பனேட் தூள், 'ஆக்சிஜன் பிளீச்' என்று விற்பது. வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு வெளிப்பட்டு மெல்ல வேலை செய்யும். பச்சைத் தண்ணீரில் போட்டுவிட்டு ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்பவர்கள் நிறைய. சுமார் 40 டிகிரி இருந்தால்தான் அது கண் விழிக்கும். சில மணி நேரம் ஊறட்டும். வாய் திறந்த பாத்திரத்தில் மட்டும் கரையுங்கள். மூடிய பாட்டிலில் கலந்துவைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கக்கூடும். கம்பளிக்கும் பட்டுக்கும் இது ஆகாது. முக்கோணத்தை அடித்துப் போட்டிருக்கும் துணிக்கு இதுவும் வேண்டாம். அதற்கு, துவைக்கும் முன் காலரில் பாத்திரம் கழுவும் திரவத்தை இரண்டு சொட்டு தடவி விரலால் தேய்த்து, கால் மணி நேரம் விட்டால் போதும். பிரஷ் போட்டுப் பரபரவென்று தேய்த்தால் அழுக்கோடு சேர்ந்து நூலும் போகும். காலர் மடிப்பு முதலில் கிழிவது அதனால்தான்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குளோரின் பிளீச்சோடு வினிகரையோ, கழிப்பறை கழுவும் அமிலத்தையோ, அம்மோனியா உள்ள எதையுமோ சேர்க்காதீர்கள். அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு, அம்மோனியா சேர்ந்தால் குளோரமைன். இரண்டும் நுரையீரலைப் பதம் பார்க்கும். 'இரண்டும் அழுக்கை எடுக்கும், சேர்ந்தால் இன்னும் எடுக்கும்' என்கிற கணக்கு இங்கே செல்லாது.

நீலம் போடுவது தவறில்லை. ஆனால் அது அழுக்கை எடுப்பதில்லை, மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்கிறது, அவ்வளவுதான். அழுக்குப் போகாத சட்டைக்கு நீலம் போட்டுக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் சட்டை சாம்பல் பூத்து நிற்கும்.

நுரைக்கு மயங்குவது

நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்று நம்மில் பலர் மனதில் பதிந்திருக்கிறது. நுரைக்கும் சுத்தத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. தூள் கூடிப்போனால் அலசலில் முழுதாக வெளியேறாது. துணியில் தங்கி, அடுத்த நாள் அழுக்கை ஒட்டவைக்கும் பசையாகிவிடும். வெள்ளை மங்குவதும், கருநீலப் பேன்ட்டில் வெள்ளைத் திட்டு தெரிவதும், சாக்ஸ் விறைப்பதும் பாதி இதனால்தான். கழுத்திலும் இடுப்பிலும் பிள்ளை சொறிந்துகொண்டே இருந்தால் சோப்பை மாற்றுவதற்கு முன் அளவைக் குறைத்துப் பாருங்கள்.

ஒரு சின்னச் சோதனை உண்டு. துவைத்துக் காய்ந்த சட்டை ஒன்றை எடுத்து, வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கிக் கசக்குங்கள். நுரை வந்தால், போன தடவை போட்ட தூள் இன்னும் அதில் குடியிருக்கிறது. என் வீட்டில் முதல் தடவை செய்தபோது பாத்திரம் கழுவலாம் போல நுரை வந்தது. பெட்டியில் சொன்ன அளவைக் கரண்டியால் அளந்து போட ஆரம்பித்து, ஒரு அலசல் கூட்டியதில் இரண்டு மூன்று துவைப்பில் சரியானது.

கடினத் தண்ணீர் வரும் வீட்டில் கணக்கு கொஞ்சம் வேறு. கால்சியமும் மெக்னீசியமும் சோப்புக் கட்டியோடு சேர்ந்து கரையாத கசடாகும். அங்கே தூள் சற்றுக் கூடத்தான் வேண்டும். பெட்டியிலேயே அதற்குத் தனி அளவு போட்டிருப்பார்கள். சோப்புக் கட்டியை விட டிடர்ஜென்ட் அங்கே நன்றாக வேலை செய்யும்.

மெஷினைத் திணிப்பதும் இதன் தம்பிதான். முன்பக்கம் கதவு உள்ள மெஷினில் துணி போட்ட பிறகு, மேலே உள்ளங்கையைச் செங்குத்தாக நுழைக்க இடம் இருக்க வேண்டும். துணி விழுந்து எழுந்து புரண்டால்தான் அழுக்கு கழலும்.

எல்லாக் கறைக்கும் வெந்நீர்

ஒருநாள் மகளுக்கு மூக்கில் ரத்தம் வந்து சட்டையில் சொட்டியிருந்தது. பதற்றத்தில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் இறுகுவதுபோல ரத்தத்தின் புரதமும் இறுகி நூலோடு ஒட்டிக்கொண்டது. பழுப்பு வட்டம் கடைசிவரை போகவில்லை. ரத்தம், பால், முட்டை, வாந்தி, வியர்வை எல்லாவற்றுக்கும் முதல் தண்ணீர் பச்சைத் தண்ணீர்தான். என்சைம் கலந்த டிடர்ஜென்டில் இருக்கும் புரோட்டியேஸ் புரதத்தை வெட்டிக் கரைக்கும். ஆனால் அதற்கு நேரம் கொடுக்க வேண்டும், கொதிநீரில் அது செத்துவிடும். கம்பளி ஸ்வெட்டருக்கு அந்த டிடர்ஜென்ட் வேண்டாம். கம்பளியே புரதம்தான்.

சேற்றுக்கு அவசரமே கூடாது. ஈரச் சேற்றைத் தேய்த்தால் மண்துகள் நூலுக்குள் இறங்கும். காயவிடுங்கள், உதறுங்கள், உலர்ந்த பிரஷால் தட்டுங்கள், பிறகு தண்ணீர் காட்டுங்கள். எண்ணெய்க் கறைக்கு நேர்மாறு, காத்திருக்கக் கூடாது. பாலியஸ்டர் தண்ணீரை ஏற்காது, எண்ணெயை விடாது. தண்ணீர் படும் முன்பே பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவிவிட வேண்டும்.

பேனா மையில் மூன்று ஜாதி. ஊற்றுப் பேனா மை பெரும்பாலும் தண்ணீரில் கரையும், உடனே ஓடும் தண்ணீரில் பிடித்தால் பாதி போகும். பால்பாயின்ட் மைக்குத் தண்ணீர் உதவாது, ஆல்கஹால் வேண்டும். கைகளுக்குப் போடும் சானிடைசரே போதும். கறைக்கு அடியில் ஒரு பழைய துணியை மடித்து வைத்து, மேலிருந்து பஞ்சால் ஒற்றுங்கள். தேய்க்காதீர்கள். மை கீழே இறங்கும்; அடித்துணியை நகர்த்தி நகர்த்திச் சுத்தமான இடம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சாயத் துணியானால், மடிப்புக்குள் ஓர் ஓரத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள். ஜெல் பேனா மையில் நிறமித் துகள் இருப்பது உண்டு, அது கரைவதில்லை. அதோடு மல்லுக்கட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பாக்கெட்டில் ஜெல் பேனா வைக்காதே என்று பிள்ளையிடம் சொல்வது எளிது.

எந்தக் கறையானாலும், அது முழுதாகப் போகும் முன் இஸ்திரி போடாதீர்கள், டிரையரிலும் போடாதீர்கள். சூடு பட்டால் கறை நிரந்தரக் குடிதான்.

ஈரத்தை மறந்துவிடுவது

துவைத்து முடித்தும் வாடை அடிக்கிற சட்டை எல்லா வீட்டிலும் உண்டு. காய்ந்திருக்கும்போது வாடை தெரியாது, பிள்ளை போட்டு ஒரு மணி நேரம் ஓடினால் எழும்பும். 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த முடை நாற்றத்துக்குக் காரணமான பாக்டீரியாவை அடையாளம் கண்டார்கள். மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ் என்று பெயர். துணி காய்ந்தாலும் அது எளிதில் சாவதில்லை. ஈரமும் வியர்வையும் கிடைத்ததும் வேலையைத் தொடங்கிவிடும்.

இதற்கு நாம் போடும் தீனி மூன்று இடத்தில். விளையாட்டு உடுப்பு பைக்குள்ளேயே சுருண்டு கிடப்பது. நனைந்த சாக்ஸ் அழுக்குக் கூடையின் அடியில் போவது. ராத்திரி மெஷின் ஓடி முடிந்து, துணி விடியும்வரை உள்ளேயே கிடப்பது. கூடையில் போடும் முன் ஈரத் துணியை ஒரு கம்பியில் விரித்துப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். வாடை பிடித்துவிட்ட காட்டன் துணியை, பட்டி அனுமதித்தால், 60 டிகிரியில் ஒருமுறை துவைக்கலாம். மற்றதற்கு, பட்டி தடுக்காவிட்டால், மேலே சொன்ன பெர்கார்பனேட். கடைசி அலசலில் வாசனைக்கு ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊற்றுவது நாற்றத்துக்குப் பவுடர் பூசுவது. விளையாட்டுத் துணியிலும் துண்டிலும் அது மெழுகுபோலப் படிந்து, வியர்வையை உறிஞ்ச விடாது.

மெஷின் கதவின் ரப்பர் வளையத்தையும் துடைத்துவிட்டுக் கதவைச் சற்றுத் திறந்துவைப்பது நல்லது. ஆனால் தவழும், நடக்கும் குழந்தை இருந்தால் வேண்டாம். உள்ளே ஏறி உட்கார்ந்துவிடும். அந்த வீட்டில் துடைத்து உலரவிட்டு, மூடிப் பூட்டுங்கள். பொட்டலமாக வரும் திரவ டிடர்ஜென்டும் மிட்டாய்போலவே இருக்கும், கை எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

நிறத் துணிகளைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. புதிதாக வாங்கிய கருநீலத்தையும் மெரூனையும் முதல் சில தடவை தனியாகத் துவைக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பதை நம்பாதீர்கள். தயாரித்து முடித்த துணியில் உப்பால் சாயத்தைப் பூட்ட முடியாது. வெயிலில் காயப்போடும்போது உள்புறத்தை வெளியே திருப்புங்கள். ஸ்கர்ட்டின் மடிப்புகளைத் துவைக்கும் முன் பெரிய பெரிய தையலாக நூலோட்டிவிட்டால், காய்ந்தபின் பாதி இஸ்திரி வேலை மிச்சம்.

கருநீலப் பேன்ட்டின் தொடையிலும் பின்பக்கத்திலும் வரும் பளபளப்பு அழுக்கில்லை. சூடான இஸ்திரிப் பெட்டி நேரடியாக அழுத்தியும், உட்கார்ந்து உரசியும் இழையின் முகடு தட்டையானதன் விளைவு. கூடியவரை உள்பக்கமாகத் தேய்க்க வேண்டும், அல்லது மேலே ஈரத் துணி விரித்துத் தேய்க்க வேண்டும். பட்டியில் இஸ்திரிப் பெட்டிக்குள் இரண்டு புள்ளி இருந்தால் சுமார் 150 டிகிரி; பாலியஸ்டர் காட்டன் கலவைக்கு அதுவே தாராளம்.

தினமும் எல்லாவற்றையும் துவைப்பதும் ஒரு தவறுதான். சட்டை, உள்ளாடை, சாக்ஸ் அன்றன்றைக்கு. பேன்ட், ஸ்கர்ட் அழுக்கைப் பார்த்து. ஸ்வெட்டரும் பிளேசரும் காற்றாட மாட்டிவைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். டையை மெஷினில் போடவே வேண்டாம். விடுமுறைக்குக் கட்டிவைக்கும்போது நாப்தலின் உருண்டை போட்டிருந்தால், மறுபடி போடும் முன் துவைத்துக் காற்றாட விடுங்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை அது உடைக்கும்.

பாக்கெட்டைக் காலி செய்யும் வேலையை இப்போது பிள்ளைகளிடமே விட்டிருக்கிறேன். மெஷின் மேல் ஒரு டப்பா இருக்கிறது. கண்டெடுத்ததை அதில் போட வேண்டும், வாரக் கடைசியில் யார் பங்கு அதிகம் என்று எண்ணுவார்கள். போன வாரம் மூன்று பென்சில் சீவல், ஒரு அரை ரப்பர், மூடியில்லாத ஜெல் பேனா ஒன்று. பேனா என் சட்டையிலிருந்து எடுத்தது.