வெஸ்நோத் விளையாட்டில் முதல் தரப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கற்பனை உலகப் போர்த்தந்திர விளையாட்டு ஒன்றைப் புதிதாகத் தொடங்குபவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தத் தரப்பு பலமானது என்பதைத்தான். 'தி பேட்டில் ஃபார் வெஸ்நோத்' விளையாட்டைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தாலும் பயன் குறைவு. 2003இல் டேவிட் வைட் என்பவர் தொடங்கிவைத்த இந்தக் கட்டற்ற மென்பொருளைத் தன்னார்வலர்கள் இன்றுவரை வளர்த்துவருகிறார்கள்; ஒரு தரப்பு மற்றவற்றை விஞ்சிவிடாதபடி ஒவ்வொரு பதிப்பிலும் விலைகளையும் பலங்களையும் திருத்திக்கொண்டே வருகிறார்கள். ஆகவே புதியவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நான் தோற்றால், ஏன் தோற்றேன் என்பது எந்தத் தரப்பில் எனக்குத் தெளிவாகத் தெரியும்? இந்த வழிகாட்டி அந்தக் கேள்வியை வைத்தே தரப்புகளை எடைபோடுகிறது.

தேர்வுக்கு முன் மூன்று விதிகள் புரிந்திருக்க வேண்டும். முதலாவது நிலம். ஆட்டம் அறுகோணக் கட்டங்களின் மேல் நடக்கிறது. எதிரியின் அடி உங்கள் வீரர்மேல் விழுமா என்பதை அவர் நிற்கும் கட்டமே தீர்மானிக்கிறது. சாதாரண மனித வீரர் புல்வெளியில் நின்றால் பத்தில் ஆறு அடி விழும். ஊருக்குள்ளோ கோட்டைக்குள்ளோ நின்றால் நான்குதான் விழும். ஆழமற்ற தண்ணீரிலோ சதுப்பிலோ நின்றால் எட்டு விழும். இரண்டாவது ஊர்கள். பிடித்துவைத்திருக்கும் ஒவ்வோர் ஊரும் முறைதோறும் (அதாவது நகர்த்தும் வாய்ப்பு உங்களுக்கு வரும்போதெல்லாம்) தங்கம் தருவதோடு, படையைப் பராமரிக்கும் செலவில் ஒரு பங்கையும் ஏற்றுக்கொள்ளும். காயத்தோடு அங்கே தங்குபவருக்கு 8 உயிர்ப்புள்ளிகள் திரும்பக் கிடைக்கும்.

மூன்றாவது விதி பொழுது. புதியவர்களின் தோல்விகளில் பெரும்பகுதிக்கு இதுவே காரணம் என்பதால் சற்று நின்று பார்க்கலாம். விடியல், காலை, பிற்பகல், அந்தி, முதல் சாமம், இரண்டாம் சாமம் என ஆறு முறைகளில் ஒரு நாள் முடிகிறது. ஒழுங்குக் குணம் கொண்ட வீரர்கள் காலையிலும் பிற்பகலிலும் 25 விழுக்காடு கூடுதலாகவும், இரு சாமங்களிலும் 25 விழுக்காடு குறைவாகவும் அடிப்பார்கள். குழப்பக் குணம் கொண்டவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். நடுநிலையாளர்களுக்குப் பொழுது ஒரு பொருட்டே இல்லை. கணக்கில் பார்த்தால்தான் இதன் கனம் விளங்கும். மனிதர் தரப்பின் ஈட்டி வீரரான ஸ்பியர்மேன் ஒரு தாக்குதலில் 7 புள்ளி வீதம் மூன்று முறை குத்துவார்; முரட்டுக் கற்பனை இனமான ஓர்க் தரப்பின் கிரன்ட் 9 புள்ளி வீதம் இரண்டு முறை வெட்டுவார். பகலில் ஸ்பியர்மேனின் குத்து 9 ஆகவும் கிரன்ட்டின் வெட்டு 7 ஆகவும் மாறுவதால், எல்லா அடிகளும் விழுந்தால் 27க்கு 14 என்று மனிதர் முந்துகிறார். இரவில் அதே இருவர் மோதினால் 15க்கு 22 என்று ஓர்க் முந்துகிறார். வீரர்களும் விலையும் நிலமும் மாறவில்லை, பொழுதுதான் மாறியிருக்கிறது.

வழக்கமான பல்லாட்டக்காரர் ஆட்டத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் தரப்புகள் ஆறு: லாயலிஸ்ட்ஸ் (முதன்மையாக மனிதர்), ரெபெல்ஸ் (காட்டில் வாழும் எல்ஃப் இனத்தவர்), நார்தர்னர்ஸ் (ஓர்க்), அன்டெட் (எலும்புக்கூடு போன்ற உயிரற்றவை), நால்கன்ஸ் (குள்ளர்), ட்ரேக்ஸ் (டிராகனைப் போன்றவை). பாலைநிலத்து மக்களான டியூன்ஃபோக் பிற்பாடு வந்து சேர்ந்தவர்கள்; முதல் தேர்வில் அவர்களைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

என் பரிந்துரை லாயலிஸ்ட்ஸ். பெரும்பாலும் மனிதர்களால் ஆன இந்தத் தரப்பில் எல்லோருமே ஒழுங்குக் குணம் கொண்டவர்கள், ஆகவே முழுப் படைக்கும் ஒரே பொழுதுக் கணக்கு போதும்: பகலில் முன்னேறுவது, அந்தியில் நல்ல நிலம் பார்த்துப் பின்வாங்குவது, இரவில் தாக்குப்பிடிப்பது. இந்தத் தாளத்தை மீறினால் தண்டனை அதே இரவில் கண்ணெதிரே வந்துவிடும் என்பதால், தவறு எங்கே நடந்தது என்று தேட வேண்டியதில்லை. எதிராளியைப் பார்த்து ஆள் எடுக்கும் பழக்கமும் இங்கே இயல்பாகக் கைவரும். ட்ரேக்குகளையும் குதிரை வீரர்களையும் ஈட்டி எளிதாகத் துளைக்கும். எலும்புக்கூட்டின்மேல் அதே ஈட்டி பெரும்பாலும் வீணாகும். எலும்புக்கூட்டுக்கு மந்திரவாதியான மேஜ் எறியும் நெருப்போ, கனத்த கவசம் அணிந்த ஹெவி இன்ஃபன்ட்ரிமேன் கையிலுள்ள கதாயுதமோதான் வேண்டும்.

ஆனால் இந்தத் தரப்பில் எடுக்கக்கூடிய வீரர் வகைகள் எட்டு. அத்தனையையும் முதல் நாளே எடுத்துப் பார்க்க ஆசைப்படுவது குழப்பத்தில்தான் முடியும். முதல் சில ஆட்டங்களுக்கு மூன்று வகை போதும். 14 தங்கத்துக்குக் கிடைக்கும் ஸ்பியர்மேன் படையின் முதுகெலும்பு. எதிரியே தாக்க வந்தாலும் கைகலப்பில் முதல் குத்து இவருடையதாக இருக்கும். 20 தங்கம் பெறும் மேஜ், எதிரி எந்த நிலத்தில் நின்றாலும் 70 விழுக்காடு வாய்ப்போடு அடிப்பார் என்பதால், ஊருக்குள் பதுங்கியவரை வெளியேற்ற அவர் தேவை. உடல் மெலிந்தவர் ஆதலால் முன்வரிசையில் அவரை விட்டுவைக்கக் கூடாது. குதிரை வீரரான கேவல்ரிமேன் தொலைவிலுள்ள ஊர்களை விரைந்து பிடிப்பதற்கும் வெட்டுக் காயங்களைத் தாங்குவதற்கும் உதவுவார். பார்ப்பதற்குக் கவர்ச்சியான இன்னொரு குதிரை வீரரான ஹார்ஸ்மேனை இப்போதைக்குத் தொட வேண்டாம். அவர் பாய்ந்து தாக்கும்போது கொடுக்கும் அடி மட்டுமல்லாமல், திரும்ப வாங்கும் அடியும் இரட்டிப்பாகும். ஸ்பியர்மேன்மேல் அவரை ஏவிவிட்டு இழப்பதைப் புதியவர்கள் ஒரு சடங்காகவே செய்கிறார்கள்.

புதியவர்களுக்கு ரெபெல்ஸ் தரப்பைச் சொல்பவர்களும் பலர் உண்டு; அதில் நியாயமும் இருக்கிறது. எல்ஃப் வீரர்கள் நடுநிலையாளர்கள் என்பதால் பொழுதைப் பற்றிய கவலை இல்லை; காட்டுக்குள் நின்றால் அவர்கள்மேல் அடி விழும் வாய்ப்பு குறைவு; அவர்களில் போர்வீரரிடம்கூட வில் இருப்பதால் தூரத்திலிருந்து தாக்குபவருக்கும் பதிலடி கிடைக்கும்; காயம் ஆற்றுவதற்கும், எதிரியைத் தளர வைத்து அவர் அடியைப் பாதியாக்குவதற்கும் ஷாமன் இருக்கிறார். ஆனால் என் தயக்கம் இந்த வசதிகளின் மேல்தான். பொழுதைக் கவனிக்காமலே சில ஆட்டங்களை வென்றுவிடலாம் என்பதால், பொழுதைக் கவனிக்காத பழக்கம் ஊறிப்போகிறது. பிறகு வேறு தரப்புக்கு மாறும்போது எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். ரெபெல்ஸ் வெல்வதற்கு எளிது, லாயலிஸ்ட்ஸ் கற்பதற்கு எளிது. தொடர்ந்து தோற்றால் ஆர்வமே போய்விடும் என்று தன்னைப் பற்றி அறிந்தவர் தயங்காமல் ரெபெல்ஸையே எடுக்கலாம்.

ஓர்க்குகளும் பூத உடலினரான ட்ரோல்களும் சேர்ந்த நார்தர்னர்ஸ் வேறு வகையில் நல்ல ஆசான். கிரன்ட்டின் விலை 12 தங்கம்தான். கையில் 100 தங்கம் இருந்தால் எட்டுப் பேரை எடுக்கலாம். ஸ்பியர்மேன் என்றால் அதே தொகைக்கு ஏழு பேர்தான் வருவார்கள். ஓர் ஆளை இழப்பது பெரிய பின்னடைவாக இல்லாததால், அடிக்க வேண்டிய இடத்தில் துணிந்து அடிக்கும் பழக்கம் இங்கே வரும். ட்ரோல் வெல்ப் தன் காயத்தைத் தானே முறைக்கு 8 புள்ளி வீதம் ஆற்றிக்கொள்வதால், அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பவும் தேவையில்லை. குறை என்னவென்றால் கிரன்ட்டிடம் தொலைதூர ஆயுதம் எதுவும் இல்லை. வில்லாளிகளும் மேஜ்களும் பதிலடி பற்றிய அச்சமின்றி அவரைக் கரைத்துவிடுவார்கள். இரவில் பாய்ந்து பகலில் பதுங்கும் பொறுமையும் வேண்டும்.

மற்ற மூன்றும் முதல் தேர்வுக்கு உரியவை அல்ல என்பதே என் கருத்து. ட்ரேக்குகள் பறக்கும், நெருப்பை உமிழும், விலையும் அதற்கேற்ப இருக்கும்; ஆனால் பெரிய உடம்பு என்பதால் எங்கே நின்றாலும் பத்தில் ஆறேழு அடி விழும். நிலத்தைப் பார்த்து நிற்க வேண்டும் என்ற அடிப்படைப் பாடத்தை அவை கற்றுத்தராது. அன்டெட் தரப்பின் இருள் மந்திரவாதியான டார்க் அடெப்ட் கடுமையாகத் தாக்குவார், ஆனால் கைகலப்பில் ஒரு விரலைக்கூட உயர்த்த மாட்டார். அவரைக் காப்பாற்றும் வரிசையை அமைக்கத் தெரியாதவர் கையில் அவர் எதிரிக்கு இலவச அனுபவப் புள்ளிதான். நால்கன்ஸ் தரப்பின் குள்ளர்கள் மலையிலும் குன்றிலும் அசைக்க முடியாதவர்கள். சமவெளியில் அந்தக் காப்பு இல்லை. அவர்களோடு சேர்ந்துள்ள கொள்ளையர்கள் குழப்பக் குணத்தினர் என்பதால், ஒரே படைக்குள் இரண்டு பொழுதுக் கணக்குகளைச் சுமக்க வேண்டிவரும்.

தேர்ந்த தரப்பு தனக்குப் பொருந்துகிறதா என்று சோதிக்க, இணையத்தில் மற்றவர்களோடு மோத வேண்டிய அவசியம் இல்லை. பல்லாட்டக்காரர் பகுதியில் உள்ளூர் ஆட்டத்தைத் தொடங்கி, எதிராளி இடத்தில் கணினியை வையுங்கள். தரப்பு தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்படும் அமைப்பில் இருந்தால் அதை மாற்றி, உங்களுக்கு லாயலிஸ்ட்ஸையும் கணினிக்கு நார்தர்னர்ஸையும் நீங்களே கொடுங்கள். பகலும் இரவும் எதிரெதிராக இருக்கும் இந்த இணையில்தான் பொழுது விதி மிகத் தெளிவாகத் தெரியும். இருவருக்கான சிறிய வரைபடம் ஒன்றை எடுத்து, முதல் சில ஆட்டங்களுக்கு அதையே மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். கணினி பொதுவாகப் பின்வாங்கத் தெரியாமல் பாய்ந்து வரும். ஆகவே இரவில் ஊர்களையும் குன்றுகளையும் ஒட்டி வரிசை அமைத்து நின்றாலே பாதி வேலை முடிந்துவிடும். வரிசையில் இருவருக்கு இடையே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும், நம் வீரர்களை அடுத்துள்ள கட்டத்துக்குள் நுழையும் எதிரி அங்கேயே நின்றுவிட வேண்டும் என்பது விதி என்பதால், நெருக்கியடித்து நிற்கத் தேவையில்லை.

ஒவ்வொரு தாக்குதலுக்கு முன்பும் தோன்றும் சாளரத்தில் சேதக் கணக்கைக் காட்டும் பொத்தான் ஒன்று உண்டு; அதை அழுத்தினால் இருவரும் எத்தனை உயிர்ப்புள்ளிகளோடு மிஞ்ச எவ்வளவு வாய்ப்பு என்பது தெரியும். முதல் ஆட்டங்களில் அதைப் பார்க்காமல் தாக்குவதில்லை என்று வைத்துக்கொள்வது நல்லது. பத்தில் ஏழு வாய்ப்பு இருந்தும் மூன்று அடியும் தவறிப்போவது இந்த ஆட்டத்தில் நடக்கக்கூடியதே. அப்படி நடந்ததைத் தரப்பின் குறையாக எண்ணிவிடக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் நீங்கள் இழந்த வீரர்களை நினைவுபடுத்தி, ஒவ்வொருவரும் எந்தப் பொழுதில், எந்த நிலத்தில் வீழ்ந்தார் என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலோர் இரவில் வீழ்ந்திருந்தால் அந்தியில் பின்வாங்கத் தவறியிருக்கிறீர்கள். பெரும்பாலோர் புல்வெளியில் வீழ்ந்திருந்தால் வரிசையை அமைத்த இடம் தவறு.

கதையோடு கற்க விரும்புபவருக்கு, தொடக்கநிலையினருக்கென்றே விளையாட்டுக்குள் சேர்க்கப்பட்டுள்ள 'தி சவுத் கார்ட்' தொடர் ஏற்றது. அதிலும் கையில் கிடைப்பது பெரும்பாலும் இதே மனித வீரர்கள்தான். இவ்வளவும் பழகி, கணினியை அலுப்பில்லாமல் வெல்ல முடிந்த பிறகு, அதே வரைபடத்தில் இடத்தை மாற்றி நார்தர்னர்ஸை நீங்கள் எடுத்துக்கொண்டு லாயலிஸ்ட்ஸைக் கணினியிடம் கொடுங்கள்.